பாருக்கு மேலே பத்துப் பாகம்

(திருவனந்தபுரம் வலியசாலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மீன் வாடை வந்தால் ஜன்னலைச் சாத்தும் அக்கிரகாரத் தெருவில் மீன்களைப் பற்றிப் பேச ஒருவனைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். துணிச்சல்தான். பயப்பட வேண்டாம், இன்று நான் பேசப்போகும் மீன்கள் எல்லாம் உயிரோடு நீந்துபவை.

வலியசாலைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கூட்டம் தொடங்கும் முன்பே ஒரு மாமா கேட்டுவிட்டார். சம்பந்தம் கிள்ளியாறு. இந்தத் தெருக்களில் விழும் மழை அதில் இறங்குகிறது. கிள்ளியாறு கரமனையாற்றில் சேர்கிறது. கரமனையாறு திருவல்லத்தைத் தாண்டி, பூந்துறைக்கும் கோவளத்துக்கும் நடுவே கடலைத் தொடுகிறது. அந்தப் பொழிமுகத்திலிருந்து தெற்கே கொஞ்சம் நகர்ந்தால் கோவளத்துப் பாறைகள். ஆக, இங்கே ஓடையில் விழுவது எதுவானாலும் அது போய்ச் சேரும் விலாசம் ஒன்று உண்டு. அந்த விலாசத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

கரையில் நின்று பார்த்தால் கடலுக்கு ஒரே முகம். அடியில் அப்படி இல்லை. கோவளத்தில் தலைநீட்டி நிற்கும் பாறைக்குன்றுகள் தண்ணீரைத் தொட்டதும் முடிந்துபோவதில்லை. உள்ளே இறங்கித் தொடர்கின்றன. பிறகு மணல். மணலுக்கு நடுவில் திடீரென்று ஒரு பாறைத்திட்டு. மறுபடி மணல், சேறு, இன்னொரு திட்டு. வலியதுறை, பூந்துறை, விழிஞ்ஞம் மீனவர்கள் இந்தத் திட்டுகளைப் பார் என்கிறார்கள். தூத்துக்குடிப் பக்கம் முத்துச்சிப்பி விளைந்த திட்டுகளுக்கும் அதுதான் பெயர். தொளாயிரம் பார் என்று அங்கே ஒன்று இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேம்ஸ் ஹார்னெல் போன்ற வெள்ளைக்கார நிபுணர்கள் முத்துப்படுகைகளை ஆராய வந்தபோது, நம் மீனவர்கள் சொன்ன பெயர்களை அப்படியே ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டுபோய் வரைபடத்தில் போட்டார்கள். வேறு வழியில்லை. அந்த இடங்களை வைத்திருந்தது மீனவர்களின் தலைதானே தவிர, எந்தக் காகிதமும் இல்லை.

கண்ணுக்குத் தெரியாத பாறையை மீனவர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? இங்கே அதற்குக் கணிச்சம் என்று பெயர். கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளங்களை எடுத்துக்கொள்வார். முன்னால் ஒரு தேவாலயக் கோபுரம், அதற்குப் பின்னால் தொலைவில் ஒரு மலையுச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டுமரத்தை நகர்த்தி நகர்த்தி அந்த இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி நிற்கும்படி செய்தால், கடலில் ஒரு கோட்டின்மேல் வந்துவிட்டார். ஆனால் அந்தக் கோட்டில் எந்த இடம்? அதற்கு வேறு திசையில் இன்னொரு ஜோடி அடையாளம் வேண்டும். அந்த ஜோடியும் ஒட்டி நிற்கும் இடத்தில் தூண்டிலை இறக்குவார். கீழே கலவா மீன் காத்திருக்கும். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த வடிவகணிதம்தான், பலகையும் சாக்கட்டியும் இல்லாமல். ஜி.பி.எஸ். கருவி வருவதற்குப் பல தலைமுறை முன்பிருந்து இது நடக்கிறது. அப்பா பிள்ளைக்குச் சொல்வார். பக்கத்துப் படகுக்காரருக்குச் சொல்லமாட்டார்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த இடத்துக்கும் படிப்புக்கும் பழைய உறவு உண்டு. காந்தளூர்ச் சாலை என்ற பழைய கல்விக்கூடம் இங்கேதான் இருந்தது என்பது பலருடைய கருத்து. ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் அந்தப் பெயர் இருப்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. விழிஞ்ஞத்தை ஆண்ட ஆய் வம்சத்தின் கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டில் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலையை ஏற்படுத்தியபோது, காந்தளூரின் ஒழுங்கையே முன்மாதிரியாக வைத்து, 95 மாணவர்களுக்கு இடம் ஒதுக்கிச் செப்பேட்டில் எழுதிவைத்தான். அதே ஆய் அரசனின் துறைமுகத்திலிருந்து கட்டுமரம் ஏறியவனுக்கும் ஒரு படிப்பு இருந்திருக்கும். அதற்குச் செப்பேடு கிடையாது. அந்த அறிவு எழுதப்படாமலே வந்திருக்கிறது, எழுதப்படாமலே போய்க்கொண்டும் இருக்கிறது. அடையாளமாக நின்ற குன்று குவாரிக்குப் போனால் கணிச்சமும் அதோடு போயிற்று.

எழுத ஆரம்பித்தவர்களில் ஒருவரை இங்கே சொல்லியாக வேண்டும். நம் ஊர்க் கடற்கரைச் சமூகத்தைச் சேர்ந்த ராபர்ட் பனிப்பிள்ளை, ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப்’ என்ற அமைப்பை நடத்துபவர். மீனவர்களிடம் கடலறிவைக் கேட்டுக் கேட்டுத் தொகுத்து மலையாளத்தில் ‘கடலறிவுகளும் நேரனுபவங்களும்’ என்று புத்தகம் போட்டார். அத்தோடு நிற்கவில்லை. ஸ்கூபா கற்றவர்களோடு சேர்ந்து, மீனவர் காட்டிய பார்களின்மேல் இறங்கிப் படம் எடுக்கும் வேலையைத் தொடங்கினார். மீனவர் தூண்டில் நுனியில் தொட்டு அறிந்த இடத்தைக் கேமரா கண்ணால் பார்த்தது. ஆராய்ச்சிக் கப்பலும் நிறுவனமும் வைத்திருப்பவர்கள் வெகுநாள் முன்பே செய்திருக்க வேண்டிய காரியம் இது என்பது என் அபிப்பிராயம்.

ஸ்கூபா என்றால் என்ன, அதில் என்ன ஆபத்து என்று இப்போது கொஞ்சம் சொல்கிறேன். பிள்ளைகள் ‘கோவளத்துக்குப் போகிறேன்’ என்று சொன்னால் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்று பெற்றவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

முதுகில் சுமப்பது ஆக்சிஜன் சிலிண்டர் என்று பத்திரிகைகளே எழுதுகின்றன. அதில் இருப்பது நாம் இங்கே சுவாசிக்கும் அதே காற்றுதான், அழுத்தி அடைத்தது. 12 லிட்டர் சிலிண்டரில் 200 மடங்கு அழுத்தத்தில் ஏறக்குறைய 2,400 லிட்டர் காற்றை அடைக்கிறார்கள். ஆழம் குறைந்த இடத்தில் பதறாமல் மூச்சுவிடுபவருக்கு ஒரு மணிநேரம் வரை வரும். பதறுபவருக்குப் பாதி நேரத்தில் தீர்ந்துவிடும். இந்தக் காற்றை, இருக்கும் ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில், கேட்கும்போது மட்டும் வாய்க்குக் கொடுக்கும் கருவியை 1943இல் பிரான்சில் ழாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமில் காஞ்ஞான் என்ற பொறியாளரும் உருவாக்கினார்கள். உலகப் போரின் நடுவில் பிறந்த கருவி அது.

தண்ணீரில் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் நம்மேல் இன்னொரு வளிமண்டலத்தின் எடை ஏறுகிறது. மேலே ஆறு லிட்டர் இருக்கும் காற்று பத்து மீட்டரில் மூன்று லிட்டராகச் சுருங்கும். இறங்கும்போது காது வலிப்பது இதனால்தான். மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, செவிப்பறையின் இரு பக்கமும் அழுத்தத்தைச் சமன்செய்தால் வலி போய்விடும். ஜலதோஷம் இருந்தால் அது நடக்காது, அன்றைக்கு இறங்கக்கூடாது. அதைவிட முக்கியம் ஏறும்போது. பத்து மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் கிழியும். அதனால் ஸ்கூபாவின் முதல் விதி, எந்த நேரத்திலும் மூச்சை அடக்காதே என்பது. நமக்கெல்லாம் தண்ணீரில் விழுந்தவுடன் மூச்சை அடக்கத்தான் தோன்றும். பயிற்சி என்பதில் பாதி, இந்த இயல்பை மறக்கவைப்பதுதான்.

இரண்டாவது ஆபத்து நைட்ரஜன். அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்குகிறது. மெதுவாக ஏறினால் மூச்சோடு வெளியேறிவிடும். அவசரமாக ஏறினால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் உடம்புக்குள்ளேயே குமிழி விடும். மூட்டு வலி, மரத்துப்போதல், சில வேளை பக்கவாதம். ஆகவே நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறாமல் வந்து, ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் சும்மா மிதந்துவிட்டுத்தான் வெளியே தலைநீட்டுவது வழக்கம். இதைச் சொல்லும்போது தூத்துக்குடிச் சங்குக்குளிக்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். மூச்சடக்கி மூழ்கிய பரம்பரை. முத்துக்குளி கடைசியாகப் பெரிய அளவில் நடந்தது 1955 முதல் 1961 வரை. அதன் பிறகு சங்குதான் கதி. இன்று பலர் படகில் கம்ப்ரசரை ஓடவிட்டு, குழாய் வழியே வரும் காற்றைக் கடித்துக்கொண்டு நெடுநேரம் அடியில் இருக்கிறார்கள். ஆழமும் நேரமும் கணக்குப் பார்க்கச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. சுற்றுலாப் பயணிக்குக் கையில் கணினிக் கடிகாரம். பிழைப்புக்கு இறங்குபவருக்கு ரப்பர் குழாய். கைகால் விழுந்து வீட்டோடு கிடப்பவர்கள் அந்தக் கரையில் உண்டு.

முதல்நிலைப் பயிற்சி முடித்தவருக்கு அனுமதிக்கும் ஆழம் 18 மீட்டர். மீனவர் கணக்கில், இரு கையையும் விரித்து அளக்கும் பாகத்தில், பத்துப் பாகம். அதற்குள்ளேயே நம் கடலோரத்தில் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

இறங்கலாம். முதலில் போவது சிவப்பு. தண்ணீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடும். சில மீட்டரிலேயே சிவப்புத் துணி கறுத்துப் பழுப்பாகும். கல்லில் விரல் கிழிந்தால் ரத்தம் பச்சையாகக் கசியும். கண்ணாடி வழியே பார்ப்பதால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கோவளத்தில் முதல்முறை இறங்கியவர் படகில் ஏறியதும் கையை அகட்டிக் காட்டும் மீனின் நீளத்தைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். சத்தம் காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாக வருவதால் படகு எஞ்சின் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காதுக்குப் பிடிபடாது. பேச முடியாது, கைஜாடைதான். அதிலும் ஒரு வேடிக்கை: கட்டைவிரலை உயர்த்தினால் ‘நன்றாக இருக்கிறது’ என்று பொருளில்லை, ‘மேலே போகலாம்’ என்று பொருள். சந்தோஷத்தில் கட்டைவிரல் காட்டிப் பாதியிலேயே மேலே அழைத்துவரப்பட்டவர்கள் உண்டு.

பாறையின் மேல்விளிம்பில், அலை அடிக்கும் இடத்தில், சிப்பி. விழிஞ்ஞம் முதல் குளச்சல் வரை பாறைகளில் படரும் பழுப்புச் சிப்பி. வடக்கே கேரளம் முழுக்கக் கிடைக்கும் பச்சைச் சிப்பிக்கு ஒன்றுவிட்ட தம்பி. 1976இல்தான் பழுப்புச் சிப்பிக்குப் பெர்னா இண்டிகா என்று அறிவியல் பெயர் வைத்தார்கள். இதை எடுக்க மூழ்குபவர்களிடம் சிலிண்டர் கிடையாது. முகத்தில் கண்ணாடி, கையில் இரும்பு உளி, இடுப்பில் வலைப்பை, நெஞ்சில் ஒரு மூச்சு. நாம் ஏகப்பட்ட தளவாடத்தோடு தொம்மென்று குதிக்கும்போது அவர்கள் நம்மைத் தாண்டிச் சத்தமில்லாமல் இறங்கி ஏறிக்கொண்டிருப்பார்கள்.

அதற்குக் கீழே பாறையின் பக்கச்சுவர். இங்கேதான் நான் அதிக நேரம் நிற்பது வழக்கம். கடற்பஞ்சுகள், ஆரஞ்சு நிறத்தில் கிண்ணம் கிண்ணமாக ஒரு பவளம், காற்றில் அசைவதுபோல் நீரோட்டத்தில் அசையும் மென்பவளம், கடல் விசிறி. இடுக்குகளில் முள்ளை நீட்டிக்கொண்டு கடல் முள்ளெலிகள். பொந்துக்குள்ளிருந்து வாயைத் திறந்து திறந்து மூடும் அஞ்சாலை மீன். கடிக்க வருகிறது என்று பலர் பயப்படுவார்கள். அது மூச்சுவிடுகிறது, அவ்வளவுதான். விரலை நீட்டினால் கடிக்கும், அது வேறு. இன்னோர் இடுக்கில் மீசை மட்டும் தெரியும்; அது சிங்கி இறால். பாறைக்கடியில் நிழலில் கனத்த உதட்டோடு கலவா.

கலவாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் எந்தப் பெரிய மீனும் சின்ன மீனைத் தின்னும் என்று நமக்குப் பாடம். பாரில் ஓர் இடத்தில் மட்டும் அந்தப் பாடம் செல்லாது. விரல் நீளத்தில் நீலக்கோடு போட்ட ஒரு சின்ன மீன், தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்து உட்கார்ந்திருக்கும், நம் சாலைக்கடைத் தெருவில் தலைமுறையாக ஒரே திண்ணையில் கடை போடுபவர்போல. பெரிய மீன்கள் அங்கே வந்து வரிசையில் நிற்கும். முறை வந்ததும் கலவா வாயை அகலத் திறக்கும். சின்ன மீன் உள்ளே புகுந்து பல்லிடுக்கையும் செவுளையும் சுத்தம்செய்து, ஒட்டுண்ணிகளைத் தின்றுவிட்டு வெளியே வரும். கலவா வாயை மூடுவதில்லை. இந்த மீனின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு வந்து, வாடிக்கையாளரின் துடுப்பில் ஒரு கடி கடித்துவிட்டு ஓடும் போலி மீனும் ஒன்று உண்டு. கடைத்தெரு என்றால் அதுவும் இருக்கத்தானே செய்யும்.

கணவாய் பாறையிலும் செடியிலும் திராட்சைக் கொத்துபோல முட்டையிடும். அதன் தோல் நொடிக்கு நொடி நிறம் மாறும். அதற்கோ நிறம் பிரித்துப் பார்க்கத் தெரியாது என்கிறார்கள். தன் புடவையின் நிறம் தெரியாமலே இவ்வளவு பொருத்தமாக உடுத்துகிறது.

இப்போது பவளத்துக்கு வருவோம். பவளம் கல்லா, செடியா, பிராணியா என்று கேட்டால், மூன்றுக்கும் ‘ஆம்’ என்று சொல்லிவிடலாம். குண்டூசித் தலை அளவு முதல் இருக்கும் பாலிப் என்ற பிராணி. தன் உடம்புத் திசுவுக்குள் நுண்பாசியைக் குடிவைத்திருக்கிறது. பாசி வெயிலில் சமைத்துத் தரும் உணவில்தான் பிராணியின் பெரும்பங்கு ஜீவனம். சுண்ணாம்பை உறிஞ்சித் தன்னைச் சுற்றிக் கல் கட்டிக்கொள்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கல்லின்மேல் கல் ஏறினால் பவளப்பாறை. மூழ்கும் தீவைச் சுற்றி இப்படிக் கட்டிக்கொண்டே மேலே வருவதால்தான் லட்சத்தீவு மாதிரியான வளையத் தீவுகள் உண்டாகின்றன என்று 1842இல் சார்லஸ் டார்வின் எழுதினார். பின்னால் ஆழமாகத் துளைபோட்டுப் பார்த்தபோது அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

பாசிக்கு வெயில் வேண்டும், அதனால் தெளிந்த நீர் வேண்டும். நம் திருவனந்தபுரம் கரையில் அதற்குத்தான் பஞ்சம். இடவப்பாதி மழை தொடங்கியதும் ஆறுகள் எல்லாம் செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. அதே மாதங்களில் ஆழத்துக் குளிர்நீர் மேலேறி வருகிறது. அந்தக் குளிர்நீர் கொண்டுவரும் சத்தில்தான் நெத்திலியும் மத்தியும் பெருகுகின்றன; மீனவருக்கு வரம், பவளத்துக்குக் கஷ்டகாலம். அதனால் இங்கே பவளம் தானே கட்டிய பெரிய சுவர்கள் கிடையாது. பாறையைத் தொற்றிக்கொண்டு திட்டுத் திட்டாக வாழ்கிறது. ‘கேரளத்தில் பவளமே இல்லை’ என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தோம். மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சி.எஸ். கோபிநாத பிள்ளை, இந்தியப் பவளங்களை வகைப்படுத்தியதில் முதல்வரிசை ஆள், 1995இல் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து பழைய திருவிதாங்கூர்க் கரையின் பவளங்களைப் பற்றியே தனியாக ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இனயம், கடியப்பட்டணம் பக்கமெல்லாம் தேடியிருக்கிறார். அந்தக் கட்டுரை வந்த பிறகும் நாம் அதே பல்லவியைப் பாடிக்கொண்டிருப்பது விநோதம்.

பெரும் சுவர்களைப் பார்க்க வேண்டுமானால் மன்னார் வளைகுடாவுக்குப் போகவேண்டும். ராமேஸ்வரம் தொடங்கித் தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 117 வகைக் கல்பவளங்களைப் பதிவுசெய்திருக்கிறார்கள். அந்த 21இல் இரண்டு இப்போது தீவுகள் இல்லை. பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்துநின்ற பவளப்பாறையைச் சுண்ணாம்புக்கும் கட்டடக் கல்லுக்கும் பல பத்தாண்டுகள் வண்டி வண்டியாக வெட்டியெடுத்தார்கள். கல்பவளத்தை 2001இல்தான் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். தூத்துக்குடியில் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் உடைந்த பவளக் கிளைகளைச் சட்டங்களில் கட்டி வளர்த்து மறுபடி நடுகிறார்கள். தேய்ந்துகொண்டிருந்த வான் தீவுக்கு முன்னால் கான்கிரீட் செயற்கைப் பார்களை இறக்கி அலையின் வேகத்தைக் குறைத்தார்கள். இவர்களுடைய ஆய்வாளர்கள் சிலிண்டரோடு இறங்கி, அளவு நாடாவை விரித்து, ஒவ்வொரு மீட்டரிலும் என்ன இருக்கிறது என்று தண்ணீருக்கடியில் பென்சிலால் எழுதுகிறார்கள். அலுப்பான வேலை. அந்த அலுப்பினால்தான் 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தபோது எவ்வளவு போயிற்று, எவ்வளவு மீண்டது என்று நம்மால் சொல்ல முடிகிறது.

வெளுப்பு என்பது இதுதான்: கோடையின் உச்ச வெப்பத்துக்கு மேல் ஒரு டிகிரி கூடி, சில வாரம் நீடித்தால், பவளம் தன் பாசியை வெளியேற்றிவிடும். நிறம் பாசியுடையது என்பதால் வெள்ளை எலும்பு தெரியும். உடனே செத்துவிடவில்லை, பட்டினி. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பும். 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பை விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அடுத்த மாதமே லட்சத்தீவில் பவளங்கள் பெருமளவில் வெளுத்திருப்பதைக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் தெரிவித்தது.

நம் பார்களுக்கு இன்னும் பக்கத்திலேயே தொந்தரவுகள் இருக்கின்றன. அறுந்துபோன வலை பாறையில் மாட்டிக்கொண்டு ஆளில்லாமலே மீன்பிடித்துக்கொண்டிருக்கும். நைலான் மக்காது, சிக்கிய மீன் அழுகும், அதைத் தின்னவந்த நண்டும் சிக்கும். கணவாயை ஈர்க்கத் தென்னங்குலை மட்டைகளை அடியில் கட்டிவைப்பது இந்தக் கரையில் பழக்கம். மட்டை மக்கிப்போகும், குற்றமில்லை. அதோடு இப்போது பிளாஸ்டிக் பாட்டிலும் மணல்மூட்டையும் சேர்ந்துகொண்டன. 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் மூழ்கிய சில நாளில், அரிசிபோல வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள் நம் கடற்கரை மணலில் கலந்துகிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். அது பெரிய கப்பல், பெரிய செய்தி. கிள்ளியாற்றில் தினமும் போகும் பால் கவரும் ஷாம்பு பாக்கெட்டும் செய்தியில் வருவதில்லை. நான் பாரில் படித்த எழுத்துகளில் பாதி மலையாளம், மீதி தமிழ். எல்லாம் மிட்டாய் உறைகளில்.

விழிஞ்ஞம் துறைமுகத்தைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். 2025 மே 2ஆம் தேதி பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 2022இல் மீனவர்கள் மாதக்கணக்கில் போராடியதும் உங்களுக்குத் தெரியும். சேறு கிளம்பினால் பவளமும் கடற்பஞ்சும் மூச்சுத் திணறும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அலைத்தடுப்புக்குப் போட்ட கல்லில் நாளாவட்டத்தில் சிப்பியும் பாசியும் ஏறும் என்பதும் உண்மை. எந்தப் பார் எவ்வளவு போயிற்று என்பதில்தான் சண்டை. அதைத் தீர்க்க, கல்லைப் போடுவதற்கு முன்னால் கீழே என்ன இருந்தது என்ற பதிவு வேண்டும். ஒவ்வொரு பாருக்கும் அப்படி ஒரு பதிவு முன்கூட்டியே இருந்திருந்தால் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும். அது இல்லாத இடத்தில், அங்கே அப்பா காலத்திலிருந்து தூண்டில் போட்டேன் என்று ஒரு கிழவர் சொன்னால் அது சாட்சியமாக ஏறுவதில்லை.

செயற்கைப் பார் பற்றி ஒரு வார்த்தை. இந்த மாவட்டத்தில் பொழியூர் முதல் வர்க்கலை வரை 42 மீனவ ஊர்களுக்கு எதிரே 6,300 கான்கிரீட் அமைப்புகளைக் கடலில் இறக்கும் திட்டம் 2023இல் விழிஞ்ஞத்தில் தொடங்கியது. செலவு 13 கோடி ரூபாய்க்குச் சற்று மேல். நல்ல காரியம் என்றே நினைக்கிறேன். ஆனால் இது அரசாங்கத்தின் புதுக் கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். இந்தக் கரை மீனவர்கள் கல்லும் தென்னையும் வேண்டாத பொருளும் போட்டுத் தாங்களே பார் கட்டியதைப் பொருளாதார அறிஞர் ஜான் குரியன் 1990களிலேயே எழுதியிருக்கிறார். பழைய பாருக்கும் புதியதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பழையதன் இடம் கணிச்சக்காரர் தலையில் பத்திரமாக இருந்தது. புதியதன் இடம் ஜி.பி.எஸ். எண்ணாக எல்லார் கைபேசியிலும் இருக்கிறது. கரடுமுரடான பாறையில் இழுவலை கிழியும் என்பதால் விசைப்படகுகள் அதன்மேல் போகாமல் ஒதுங்கும், அந்த அளவுக்குப் பாதுகாப்பு. தூண்டிலோடு எல்லாரும் ஒரே நாளில் வந்து நின்றால் என்ன செய்வது? ஊர்க்கூட்டம்தான் முடிவுசெய்ய வேண்டும். சில ஊர்களில் செய்வார்கள், சில ஊர்களில் அடிதடிதான் நடக்கும்.

மனிதன் நினைக்காமல் கட்டிய பாரும் உண்டு. அஞ்சுதெங்குக் கடலில் மீனவர்கள் கப்பல் பார் என்று அழைத்துவந்த ஓர் இடம். 2021இல் முக்குளித்தவர்கள் அங்கே நாற்பது மீட்டருக்கும் கீழே உண்மையிலேயே ஒரு பழைய கப்பலின் உடைசலைக் கண்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு டச்சுக் கப்பலாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத கப்பலை மீனவர்கள் இத்தனை காலம் பெயரிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். கலவாவுக்கு அது டச்சாக இருந்தாலும் ஒன்றுதான், உள்ளூராக இருந்தாலும் ஒன்றுதான்.

நேரமாகிவிட்டது. போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். மழைக்காலத்தில் கேட்கவே கேட்காதீர்கள், தன் கையே தனக்குத் தெரியாது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் தெளியும். ஆஸ்துமா, இதயக்கோளாறு, காது ஆபரேஷன் இருந்தால் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். மூத்த வயது தடையில்லை; பயிற்றுநரிடம் வயதைக் குறைத்துச் சொல்லாமலிருந்தால் போதும். எதையும் தொடாதீர்கள். கல் என்று நினைத்துக் கைவைத்தது கல்மீனாக இருந்தால், அதன் முதுகு முள்ளில் இருக்கும் நஞ்சு உங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். பிடிப்புக்காகக் காலை ஊன்றினால், வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வளர்ந்த பவளம் ஒரு நொடியில் உடையும். நீச்சல் தெரியாதவர்கள் ஸ்கூபாவுக்கு அவசரப்பட வேண்டாம். முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் போட்டுக்கொண்டு, தெரிந்தவர் ஒருவர் துணையோடு இடுப்பளவு தண்ணீரில் குப்புற மிதந்தாலே பாறையோரத்து மீன்கள் கண்ணில் படும்.

கடைசியாக ஒன்று, நம் ஊருக்கென்றே சொல்ல வேண்டியது. நமக்கு விமான நிலையம் கடற்கரையிலேயே இருக்கிறது. காலையில் கோவளத்தில் முக்குளித்துவிட்டு மாலையில் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ விமானம் ஏறிவிடலாம் என்று வெளியூர்ப் பிள்ளைகள் திட்டம்போட்டுக்கொண்டு வருகிறார்கள். கூடாது. விமானத்துக்குள் அழுத்தம் குறைவு. உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் ஆகாயத்தில் குமிழி விடும். ஒரே ஒரு முறை இறங்கியிருந்தால் 12 மணிநேரம், பல முறை இறங்கியிருந்தால் 18 மணிநேரமாவது பொறுக்க வேண்டும். அந்த ராத்திரி உங்கள் வீட்டிலேயே தங்கவைத்து, தோசை வார்த்துப் போட்டு, மறுநாள் அனுப்புங்கள்.